அப்பாவுக்கு மார்ஃபினும் தூக்க மாத்திரையும் சேர்த்து குடுக்குறோம், மூச்சு நின்னுடுமா?

ஒரு வாசகி கேட்டது: அப்பாவுக்கு கேன்சர் வலிக்கு மார்ஃபின் மாத்திரை, தூக்கத்துக்கு அல்பிராசோலம், ராத்திரி குறட்டை நடுநடுவுல நின்னு நின்னு வருது, பயமா இருக்கு, மார்ஃபினை நிறுத்திடலாமா?

நிறுத்தாதீங்கம்மா. திடீர்னு நிறுத்தினா வலி தாங்க முடியாது, உடம்பும் நடுக்கம் வாந்தின்னு படுத்தி எடுத்துடும். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தின டோஸ்னா அதுக்கு உடம்பு பழகியிருக்கும், மார்ஃபின் மட்டும்னா நான் இவ்ளோ கவலைப்பட மாட்டேன். எனக்கு உறுத்துறது அந்த அல்பிராசோலம்தான்.

பிடரிக்கு மேல இருக்குற மூளைத்தண்டுதான் மூச்சை ஓட்டுது, ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறினா அது கண்டுபிடிச்சு இன்னும் இழுன்னு சொல்லும், மார்ஃபின் அந்த உணர்வையே மந்தமாக்கிடும், அல்பிராசோலம் வேற வழியில மூளையை அமுக்கி தொண்டை தசையையும் தளர்த்திடும், அதான் குறட்டை விட்டு விட்டு வருது. ரெண்டும் சேர்றது ஆபத்துன்னு அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2016லயே கடுமையான எச்சரிக்கை போட்டுச்சு. நரம்பு வலிக்கு குடுக்குற பிரீகாபலின், தூக்கம் வரவைக்கிற சளி சிரப், மது எல்லாமே இதோட சேர்ந்தா அப்படித்தான். நாளைக்கே டாக்டர்கிட்ட எல்லா மாத்திரையையும் கொண்டுபோய் காட்டி, அல்பிராசோலத்தை படிப்படியா குறைக்கலாமான்னு கேளுங்க, ரொம்ப நாளா போடுறார்னா அதையும் நீங்களா நிறுத்திடாதீங்க.

கிட்னியையும் கேளுங்க, இத நிறைய பேர் மறந்துடுறாங்க. மார்ஃபின் உடைஞ்சு வர்ற பொருள் யூரின்லதான் வெளிய போகணும், வாந்தி பேதியாகி யூரின் குறைஞ்சுட்டா இத்தனை நாள் ஒத்துக்கிட்ட அதே டோஸே ஜாஸ்தியாகிடும்.

மூச்சு குறையுறதுக்கு முன்னாடி பெரும்பாலும் மயக்கமான தூக்கம் வரும். பேசிட்டு இருக்கும்போதே சொக்கி விழுந்தார்னா அடுத்த டோஸ் குடுக்குறதுக்கு முன்னாடி டாக்டருக்கு போன் போடுங்க. தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குறத முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க, சாதாரணமா 12லேருந்து 20 இருக்கும். 8க்கு கீழ போனாலோ, உலுக்கியும் எழுந்திரிக்கலன்னாலோ, உதடு நீலமானாலோ உடனே 108, அதுவரைக்கும் ஒருக்களிச்சு படுக்க வைங்க. மூச்சே இல்லன்னா 108ல போன்லயே என்ன செய்யணும்னு கேளுங்க, வைக்காம அவங்க சொல்றபடி செய்யுங்க.

ஆஸ்பத்திரியில மார்ஃபினை முறிக்கிற நலாக்சோன் ஊசி போட்டா சில நிமிஷத்துல முழிச்சுக்கலாம். ஆனா அது மார்ஃபினுக்குத்தான் வேலை செய்யும், அல்பிராசோலத்துக்கு இல்ல, அதுவும் மார்ஃபின் அடங்குறதுக்கு முன்னாடியே ஊசியோட வேகம் இறங்கிடும், அதனால அப்பா நல்லா பேசுறாரேன்னு உடனே வீட்டுக்கு கூட்டிட்டு வந்துடாதீங்க.