நர்சிங் மாணவிகள் இம்யூனாலஜி (நோய் எதிர்ப்பியல்) படித்து என்ன ஆகப்போகிறது?

"ஊசி போடவும் டிரிப்ஸ் ஏற்றவும் தெரிந்தால் போதாதா, ஐஜிஜி, ஐஜிஎம் எல்லாம் மருத்துவர்கள் படிக்க வேண்டியவை அல்லவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நுண்ணுயிரியல் தேர்வு நெருங்கிவிட்ட நிலையில், ஐஜிஜி, ஐஜிஎம் முதலான ஐந்து வகை இம்யூனோகுளோபுலின்களின், அதாவது கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களின், அட்டவணையை எதிரில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதே அட்டவணையை இரவெல்லாம் உருப்போட்டு நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, மறு ஆண்டே ஒரு பாட்டியின் முன் வாயடைத்து நின்றவள் நான்.

அப்போது எனக்கு அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணி. தெருநாய் கெண்டைக்காலில் கடித்துக் குதறிய ஏழு வயதுச் சிறுவனை அவனுடைய பாட்டி தூக்கி வந்தார். குழாய் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் புண்ணைக் கழுவினோம். இரண்டு புஜங்களிலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி போட்டாயிற்று. அவன் எடை 18 கிலோ. கிலோவுக்கு 40 அலகு என்ற கணக்கில் 720 அலகு குதிரைச் சீரத்தை (குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த, ரேபிஸுக்கு எதிரான எதிர்ப்பொருளை), அதாவது 2.4 மில்லியை, நான் எடுத்துக்கொண்டு வந்தபோது பாட்டி வழிமறித்தார்.

"ரெண்டு கையிலயும் போட்டாச்சே, மறுபடி எதுக்குப் புண்ணுலயே குத்துற?"

"டாக்டர் எழுதியிருக்காங்க பாட்டி" என்றேன். எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான். பாட்டி பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். அவரைத் தடுத்து உட்காரவைத்தவர் அங்கிருந்த மூத்த ஸ்டாஃப் நர்ஸ்.

"கையில போட்டது விதைநெல்லு பாட்டி. அது முளைச்சுக் கதிர் விட நாளாகும். அதுவரைக்கும் பிள்ளை பட்டினி கிடக்க முடியுமா? இது வடிச்ச சோறு, இன்னைக்குப் பசிக்கு."

பாடநூல் செயல்வழித் தடைக்காப்பு (உடல் தானே உருவாக்குவது), மந்தத் தடைக்காப்பு (வெளியிலிருந்து கொடுப்பது) என்று இரண்டு பக்கங்களில் சொல்வது இதைத்தான். தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட ரேபிஸ் வைரஸ். தோலில் காவல் காக்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் அதை நிணநீர் முடிச்சுக்கு எடுத்துச் சென்று காட்ட, டி செல்கள் என்ற வெள்ளணுக்களின் உதவியோடு பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் பெருகி, முதலில் ஐஜிஎம், பிறகு ஐஜிஜி என எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. தோலில் அந்தக் காவல் செல்கள் நெருக்கமாக இருப்பதால்தான் 0.1 மில்லி போன்ற சிறிய அளவே போதுமானதாகிறது. ஆனால் போதிய எதிர்ப்பொருள் உருவாக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். அதற்குள் வைரஸ் நரம்புக்குள் நுழைந்து மூளையை நோக்கி நகரத் தொடங்கிவிடலாம். ஆகவேதான் குதிரையின் உடலில் ஏற்கெனவே விளைந்த எதிர்ப்பொருளை, வைரஸ் கிடக்கும் புண்ணுக்குள்ளேயே செலுத்துகிறோம். அது சில வாரங்களில் கரைந்துவிடும், கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல் எதையும் விட்டுச் செல்லாது.

ஆராய்ச்சி நிலையில் படிப்பவர்களுக்கு இந்த விளக்கம் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம்; நான் ஆய்வாளர் அல்ல, வார்டில் நிற்பவள். சீரத்தையும் தடுப்பூசியையும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது, ஒரே இடத்தில் போடக் கூடாது என்ற விதியை நான் மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்று மற்றொன்றை முறித்துவிடும் என்ற காரணம் அன்றுதான் விளங்கியது. விளங்கிய பிறகு மற்றவையும் தாமாகவே வந்து பொருந்தின. ஹெபடைட்டிஸ் பி தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசியை ஒரு தொடையிலும் இம்யூனோகுளோபுலினை மறு தொடையிலும் போடுவதும், நஞ்சுக்கொடி வழியே வந்த தாயின் ஐஜிஜி குறையட்டும் என்று தட்டம்மைத் தடுப்பூசிக்கு ஒன்பது மாதம் காத்திருப்பதும் இதே கணக்குதான். குதிரைப் புரதம் அந்நியப் பொருள் என்பது தெரிந்திருந்தால்தான், சீரம் போட்டபின் கடும் ஒவ்வாமைக்கான மருந்தான அட்ரினலினைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு குழந்தையின் மூச்சைக் கவனிப்பீர்கள். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வலியும் தடிப்புமாக வந்தால், அந்நியச் சீரத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையான சீரநோயாக இருக்குமோ என்று சந்தேகிப்பீர்கள்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்து வந்த எங்களுக்கு இந்தப் பாடத்தை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டிவிட்டு, "இது கட்டாயம் வரும்" என்று கோடிடச் சொன்னார்கள். நோயாளி தமிழில்தான் கேட்பார் என்பது எவர் நினைவிலும் இல்லை.

மூன்றாம் நாள் தவணைக்குப் பாட்டி மீண்டும் வந்தார். தடுப்பூசியை மட்டும் நான் எடுத்ததைப் பார்த்து, "இன்னைக்குச் சோறு கிடையாதா?" என்றார். அது ஒரு முறைதான், திரும்பவும் போட்டால் உடம்பு தானே விளைவிக்கப் போவதைக் கெடுத்துவிடும் என்றேன். இம்முறை டாக்டரைத் துணைக்கு இழுக்கவில்லை.

"அப்போ நாத்த மிதிக்காம விடணும்கிற" என்று சொல்லிக்கொண்டே, பேரனின் சட்டைக் கையை அவரே சுருட்டிவிட்டார்.