அவர்கள் முதல் நாளே இறந்துவிடவில்லை

கேள்வி: விமானம் விழுந்து ஒரு தீவில் சிக்கியவர்களைப் பற்றிய ‘லாஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை இப்போதுதான் முழுவதும் பார்த்து முடித்தேன். விமானம் விழுந்த அன்றே எல்லோரும் இறந்துவிட்டார்கள், ஆறு சீசனும் ஆவிகளின் கதை என்கிறார் என் அண்ணன். துடுப்புப் படகில் துரத்திவந்து சுட்டது யார், அந்த எண்களுக்கு என்ன பொருள், எதற்குமே விடை சொல்லாமல் முடித்துவிட்டார்கள். ஆறு வருடம் ரசிகர்களை ஏமாற்றினார்கள் என்றுதானே சொல்ல வேண்டும்?
(திருச்சி வாசகி ஒருவர்)

பதில்: உங்கள் அண்ணன் சொல்வது தவறு. கருத்து வேறுபாடு என்று விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல இது. 2010 மே 23 அன்று ஒளிபரப்பான கடைசி எபிசோடில், தேவாலயத்தில் நாயகன் ஜாக்கிடம் அவன் தந்தை இதை விளக்கமாகவே சொல்கிறார். உனக்கு நேர்ந்தவை அனைத்தும் உண்மை. இங்கே இருப்பவர்களில் சிலர் உனக்கு முன்பே இறந்தார்கள், சிலர் உனக்குப் பின் வெகுகாலம் கழித்து இறந்தார்கள் என்கிறார். மரணத்துக்குப் பிந்தைய இடம் என்பது ஆறாவது சீசனில் மட்டும் வரும் இணைக்கதை: விமானம் விழாமல் லாஸ் ஏஞ்சலஸில் பத்திரமாக இறங்குகிறதே, அது. தீவில் நடந்தது வாழ்க்கை.

குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. கடைசியில் பெயர்கள் ஓடும்போது, ஆளே இல்லாத கடற்கரையில் விமானத்தின் சிதைவுகள் காட்டப்பட்டன. யாருமே பிழைக்கவில்லை என்று அதை வைத்துப் பலர் முடிவு கட்டிவிட்டார்கள். உணர்ச்சிமிக்க முடிவுக்கும் அடுத்து வரும் செய்திக்கும் நடுவே சற்று அமைதி இருக்கட்டும் என்று தொடரை ஒளிபரப்பிய ஏபிசி தொலைக்காட்சி தானாகச் சேர்த்த காட்சி அது. கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று ஏபிசியே விளக்கமும் கொடுத்தது. ஆனாலும் அந்த ஊகம் சாகவில்லை. எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. சார்லி நீருக்குள் மூழ்கியபடி நண்பர்களுக்கான எச்சரிக்கையை உள்ளங்கையில் எழுதிக் காட்டிவிட்டுச் சாகிறானே, ஏற்கெனவே செத்தவன் என்றால் அந்தத் தியாகத்துக்கு என்ன மதிப்பு? கதையில் உள்ள முடிச்சை அவிழ்க்க முயல்வதுதான் ஊகம். கதையையே இல்லாமல் செய்வதை நான் ஊகமாக ஏற்க மாட்டேன்.

நல்ல ஊகம் எப்படி இருக்கும் என்பதற்கு நீங்கள் கேட்ட படகே சான்று. 2009இல் வந்த ஐந்தாவது சீசனில், காலத்தின் ஊடே தூக்கி எறியப்படும் சாயரும் ஜூலியட்டும் மற்றவர்களும் கரையில் கிடந்த ஒரு படகை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பின்னால் வேறொரு படகிலிருந்து சுடுகிறார்கள். ஜூலியட் திருப்பிச் சுடுகிறாள், யார் மீதோ குண்டு படுகிறது, உடனே காலம் மாறிவிடுகிறது. அந்தப் படகில் ஒரு தண்ணீர் பாட்டில் கிடந்ததைக் கவனித்தீர்களா? அதன்மேல் அஜிரா ஏர்வேஸ் என்று எழுதியிருக்கும். இந்தியாவைச் சேர்ந்த விமான நிறுவனம் என்று ஜூலியட்டே சொல்வாள். கதைப்படி அஜிரா விமானம் தீவில் இறங்கியது 2007இல். ஆகவே சுட்டவர்கள் அதற்குப் பிறகு தீவில் இருந்தவர்கள். ரசிகர்கள் இந்த ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு, அந்த நாட்களில் யார் எந்தக் கரையில் இருந்தார்கள், யாரிடம் துப்பாக்கி இருந்தது என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே போனார்கள். தொடர் கடைசிவரை பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் தேடலை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவ்வளவு கூர்ந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தீவு சொந்த ஊர்போல் தெரிந்துவிட்டது.

எண்களுக்கு விடையே இல்லை என்பதும் சரியல்ல. 4, 8, 15, 16, 23, 42. கூட்டினால் 108, நிலவறையில் பொத்தானை அழுத்த வேண்டியதும் 108 நிமிடங்களுக்கு ஒருமுறை. ஆறாவது சீசனில் குகைச் சுவரில் பெயர்களோடு அவை எழுதியிருக்கும்: லாக் 4, ஹர்லி 8, சாயர் 15, சயீத் 16, ஜாக் 23, குவான் 42. தனக்குப் பின் தீவைக் காக்க, அதன் காவலன் ஜேக்கப் தேர்ந்து வைத்திருந்தவர்களின் வரிசை எண்கள் அவை. ஆனால் 2006இல் தொடரை ஒட்டி நடத்திய இணைய விளையாட்டில், மனித குலத்தின் அழிவைக் கணிக்கும் சமன்பாட்டின் காரணிகள் என்று வேறொரு விளக்கம் தந்திருந்தார்கள். இரண்டையும் இணைக்கும் பாலத்தைத் தொடரில் கட்டவில்லை. உங்கள் குறையில் இந்தப் பகுதி நியாயம்தான்.

ஏமாற்றினார்கள் என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். எத்தனை வருடம் ஓடும் என்று தெரியாத கதையை எழுதுவது கொடுமை. மூன்றாவது சீசனில் ஜாக்கின் கையில் பச்சை குத்திய கதைக்கு ஒரு எபிசோடு முழுவதையும் செலவழித்தார்களே, இழுக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. தயாரிப்பாளர்கள் டேமன் லிண்டலாஃபும் கார்ல்டன் கியூஸும் போராடி முடிவுத் தேதி வாங்கினார்கள். இன்னும் 48 எபிசோடுகள், 2010இல் நிறைவு என்று 2007 மே மாதம் அறிவிப்பு வந்தது. வெற்றிகரமாக ஓடும் தொடரை இன்னும் மூன்று வருடத்தில் முடித்துவிடுவோம் என்று கேட்டு வாங்கியவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லாதீர்கள்.

நான் அவர்களை மன்னிக்காத இடம் ஒன்று உண்டு. நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. வால்ட். அந்தப் பையன் மனத்தில் நினைத்தால் பறவை வந்து கண்ணாடியில் மோதிச் சாகிறது. முதல் சீசனின் முடிவில் நடுக்கடலில் அவனைத் தகப்பனிடமிருந்து பறித்துக்கொண்டு போகிறார்கள். இவன் ஏன் வேண்டும், இவனிடம் என்ன இருக்கிறது என்று நம்மைப் பதற வைத்தார்கள். பிறகு அவனை ஓரம்கட்டிவிட்டார்கள். முதல் இரண்டு சீசன் ஒளிபரப்பாக இரண்டு வருடம் ஆயிற்று. தீவுக்குள் கழிந்ததோ சுமார் இரண்டு மாதம். நடித்த சிறுவன் மளமளவென்று வளர்ந்துவிட்டான். வளர்ச்சியை யாரும் தடுக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சின்னப் பிள்ளையை வேலைக்குப் பேசும்போதே அவன் வளர்வான் என்பது தெரியாதா? படகில் சுட்டவன் யாரென்று தெரியாமல் போனால் எனக்கு ஒன்றும் குறையில்லை. தனியாக விடப்பட்ட ஒரு குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

அவர்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். டிவிடி வெளியீட்டில் பன்னிரண்டு நிமிடப் பின்னுரைக் காட்சி ஒன்றைச் சேர்த்தார்கள். ஹர்லி இருந்த அதே மனநல மருத்துவமனையில் வால்ட் இருக்கிறான், இப்போது இளைஞனாக. தீவுவாசிகளின் பழைய தலைவன் பென் வந்து அவனை அழைத்துப்போகிறான். அண்ணனையும் பக்கத்தில் உட்காரவைத்து அதைப் பாருங்கள். எல்லோரும் முதல் நாளே இறந்திருந்தால், அந்தப் பையனைத் தீவுக்குக் கூட்டிப்போக ஹர்லி வெளியே வேனில் காத்திருக்க மாட்டான்.