முன்பணம் கொடுத்தவருக்கே மீன்

கேள்வி: கிண்டியில் அரசாங்கமே தடுப்பூசி செய்கிறது என்கிறார்கள். அப்புறம் ஏன் 2021-ல் இரண்டு நாள் வரிசையில் நின்றும் என் அம்மாவுக்கு ஊசி கிடைக்கவில்லை? ஆப்பிரிக்காவுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்ததுதான் காரணமா? – வாசகி, காசிமேடு

பதில்: நானும் அப்போது ஒரு முகாமில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ்தான், தங்கச்சி. 'ஸ்டாக் இல்லை' என்று அட்டை மாட்டிவிட்டு நான் வாங்கிய வசவு கொஞ்சமில்லை.

கிண்டியில் 1948 முதல் செய்வது பி.சி.ஜி. பிறந்த குழந்தைக்கு இடது தோளில் போடுவோமே, அந்தக் காசநோய் ஊசி. கொரோனா ஊசிக்கு வேறு கருவி, வேறு பக்குவம். அந்தக் கிண்டிக்கும் 2008-ல் தர விதிகளைச் சொல்லி உரிமத்தை நிறுத்தினார்கள். குன்னூரிலும் கசௌலியிலும் இருந்த அரசுத் தடுப்பூசிக் கூடங்களுக்கும் அதே கதி. 2010-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஓட்டைப் படகைக் கரையேற்றிச் சரிபார்ப்பது நியாயம். இருக்கிற மூன்றையும் சேர்த்துக் கரையேற்றினால் கடலுக்கு யார் போவது? செங்கல்பட்டில் மத்திய அரசு சுமார் 600 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பூசி வளாகமோ, நாம் வரிசையில் நின்ற நாளெல்லாம் சும்மா கிடந்தது. மாநில அரசு குத்தகைக்குக் கேட்டும் பார்த்தது.

ஆப்பிரிக்கா விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஏலக்கூடத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய லாஞ்சு, மீனை அவருக்குத்தானே போடும்? கையில் காசோடு நீ நின்றாலும் வஞ்சிரம் உன் கூடைக்கு வராது. 2020-ல் பணக்கார நாடுகள் அதைத்தான் செய்தன. மருந்து தேறுமா என்று தெரியும் முன்பே பணம் கட்டி, கனடா தன் ஜனத்தொகையைப் போலப் பல மடங்கு டோஸ் எழுதி வைத்துக்கொண்டது. ஏழை நாடுகளுக்கான 'கோவாக்ஸ்' திட்டம் பெரிதும் நம்பியிருந்தது புனேயின் கோவிஷீல்டை. இங்கே இரண்டாம் அலை அடித்ததும் நாம் ஏற்றுமதியை நிறுத்தினோம். பல மாதம் இங்கிருந்து அந்தத் திட்டத்துக்கு ஒன்றும் போகவில்லை. தனக்கு வேண்டிய தடுப்பூசியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை வெளியில் வாங்கும் கண்டம் ஆப்பிரிக்கா. ஆக, நாம் அள்ளிக் கொடுத்ததாகச் சொல்வது பாதிக் கதை. அவர்களும் உன் அம்மா மாதிரி டோக்கனோடு நின்றவர்கள்தான்.

கொரோனா தடுப்பூசிக் காப்புரிமையைத் தளர்த்துங்கள் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பிடம் கேட்டன. 2022 ஜூனில், கேட்டதில் கால்வாசிபோல ஏதோ கிடைத்தது. அதற்குள் நம் முகாம்களில் ஊசி இருந்தது, ஆள்தான் இல்லை.

சரி, அம்மாவுக்கு அப்புறமாவது போட்டீர்களா? அதை எழுதவே இல்லையே.