18446744073709551615: கேள்வி பதில்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டங்களையும் நிரப்பினால் சேரும் மொத்தம் இது. சுருக்கமாக 2⁶⁴ − 1.

கேள்வி: 20 இலக்க எண்ணைக் கையால் காரணிப்படுத்த முடியுமா?

இந்த எண்ணை முடியும். 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால் (2³² − 1)(2³² + 1) என்று பிரியும். சிறிய காரணியை அதேபோல் பிரித்துக்கொண்டே போங்கள். ஐந்தாவது முறையில் 3, 5, 17, 257, 65537, 4294967297 கையில் இருக்கும். முதல் ஐந்தும் பகா எண்கள். கடைசி எண் 641 × 6700417. ஆக ஏழு பகாக் காரணிகள், ஒன்றுகூட இருமுறை வராது. எனவே வகுத்திகள் 2⁷ = 128.

கேள்வி: 641 எங்கிருந்து வந்தது?

2³² + 1 பகா எண் என்று கணிதவியலாளர் ஃபெர்மா கருதினார். 1732-இல் ஆய்லர் அதை உடைத்தார். பெரிய வகுத்தல் இல்லாமலே சரிபார்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1; அதுவே 5⁴ + 2⁴. முதலாவதன்படி, 641-ஆல் வகுக்கும் கணக்கில் 5 × 2⁷-க்குப் பதில் −1 எழுதலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ → 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதில் −2⁴. அப்படியே போட்டால் −2³² → 1, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. எண் கோட்பாட்டில் இதைவிட அழகான நான்கு வரிகள் குறைவு.

கேள்வி: 6700417 இன்னும் உடையாதா?

உடையாது. 2³² + 1-இன் எந்தப் பகாக் காரணியும் 128-ஆல் வகுத்தால் 1 மீதி தர வேண்டும். 6700417-இன் வர்க்கமூலம் 2589-க்குள். அந்த எல்லைக்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257 என்பது 2⁸ + 1. அதற்கும் 2³² + 1-க்கும் பொதுக் காரணி கிடையாது. மற்ற நான்கும் தரும் மீதிகள் முறையே 44, 120, 334, 622.

கேள்வி: என் நிரல் இதை இரட்டை எண் என்கிறது. ஏன்?

தசமப் புள்ளி எண்களுக்கான வகையில் (double, பைத்தானில் float) வைத்திருப்பீர்கள். அதில் துல்லியம் 53 பிட் மட்டுமே, ஆகவே எண் 2⁶⁴-க்கு, அதாவது …616-க்கு நகர்ந்துவிடும். குறியில்லா 64 பிட் முழு எண் வகையில் இது சரியாக அடங்கும். ஆனால் 1 கூட்டினால் 0 ஆகிவிடும். பைத்தானில் முழு எண்ணுக்கு எல்லை இல்லை, ஆனால் வகுக்கும்போது ஒற்றைச் சாய்கோடு போட்டால் விடை மறுபடி தசமமாகிவிடும். இரட்டைச் சாய்கோடு போடுங்கள். மீதி பார்ப்பதற்கு முன் இந்த ஒன்றைச் சரிசெய்யாவிட்டால் எல்லா விடையும் தவறும்.

கேள்வி: 9-ஆல், 7-ஆல் வகுபடுமா?

இலக்கங்களின் கூட்டல் 87. 3-ஆல் வகுபடும், 9-ஆல் படாது. 7-க்கு, 2³ = 8 மீதி 1 தரும். 64 = 3 × 21 + 1 என்பதால் 2⁶⁴-இன் மீதி 2, நம் எண்ணின் மீதி 1. வகுபடாது.

கேள்வி: இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

மூன்றாலும் முடியாது. 8-ஆல் வகுத்தால் மீதி 7. ஒரு வர்க்கம் 8-ஆல் வகுக்கும்போது 0, 1, 4 மட்டுமே மீதி தரும். அவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் 7 வராது. நான்கு வர்க்கங்கள் தேவை. எந்த எண்ணுக்கும் நான்கு போதும் என்று லாக்ராஞ்சு 1770-இல் நிறுவினார்.