ஸ்பிட்ஃபயர் ஸ்டீயரிங் இறுக்கம்: ரேக்கை மாற்றும் முன்

வணக்கம் சார். உங்கள் 1972 ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரில் ஸ்டீயரிங் கனக்கிறது, வளைவு முடிந்தும் தானாகத் திரும்பி வரவில்லை, மெக்கானிக் ரேக்கை (ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல் தண்டை) மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டைக் கழற்றிவிட்டு முன்சக்கரத்தைக் கையால் திருப்பிப் பாருங்கள். அப்போதும் இறுக்கமென்றால் ரேக் மேல் பழியில்லை. பெரும்பாலும் கீழே இருக்கும் ட்ரனியன்தான் (சக்கரம் திரும்பும்போது சுழலும், உள்ளே மரை போட்ட மூட்டு) காய்ந்து கிடக்கும்.

அதற்குக் கிரீஸ் வேண்டாம், 90 நம்பர் கியர் ஆயில்தான். கிரீஸ் கெட்டியாகி மரைக்குள் இறங்காது. தண்ணீர் புகுந்து வெர்டிகல் லிங்க் (ட்ரனியனில் திருகியிருக்கும், சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு) துருப்பிடிக்கும், ஒருநாள் முறிந்து சக்கரமே மடங்கிவிடும். நானும் முதலில் கிரீஸ் அடித்தவன்தான்! அப்புறம், கழற்றும்போது ட்ரனியன்களை இடது வலது மாற்றிவிடாதீர்கள், இரண்டுக்கும் மரை எதிரெதிர். லிங்கின் மரையில் துருக்குழி தெரிந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.