தாராளம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற வாரம் வீட்டை ஒழுங்குபடுத்தியபோது என் மகளின் மேசை இழுப்பறையில் தலையில் ரப்பர் வைத்த பென்சில்கள் 18 கிடைத்தன. பாதிக்கு மேல் ஒருமுறைகூடச் சீவப்படாதவை. நான் படித்த காலத்தில் என் வகுப்பில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் அப்படிப்பட்ட பென்சில் இருந்தது. அவள் வீட்டுக்குள்ளேயே மாடிப்படி இருந்தது, குழாயைத் திருகினால் வெந்நீர் வந்தது, தொலைக்காட்சியை உட்கார்ந்த இடத்திலிருந்தே மாற்றினார்கள். அந்த வீட்டைவிட ஆடம்பரமான ஒன்றை என்னால் அப்போது கற்பனை செய்ய முடிந்ததில்லை.

இன்று அவை எல்லாமே என்னிடமும் இருக்கின்றன. மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலிப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றுவதில்லை. பொருள்கள் மலிந்துவிட்டதால் இப்படியா, நான்தான் நன்றி மறந்தவளாகிவிட்டேனா? அன்று நமக்குச் சிறிய பொருளிலும் மகிழும் வெள்ளை மனம் இருந்தது என்று நினைக்கிறேன். என் மகளோ எதைக் கண்டும் வியப்பதில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: போன மாதம் 24 வண்ணப் பென்சில்கள் கொண்ட பெட்டி ஒன்றை எனக்காகவே வாங்கினேன். இன்றுவரை ஒன்றைக்கூடச் சீவ மனம் வரவில்லை. இது அசட்டுத்தனமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் மகளின் 18 பென்சில்களைவிட, நீங்கள் சீவாமல் வைத்திருக்கும் 24 பென்சில்களைத்தான் இரண்டு நாள்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் வகுப்பிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. என்னிடம் இருந்தது 12 பென்சில் பெட்டி. அதைத் திறந்தால் பென்சில்கள் ஏறியும் இறங்கியும் பல் விழுந்த வாய்போலக் கிடக்கும். நீலமும் பச்சையும் விரலால் பிடிக்க முடியாத அளவுக்குக் குட்டையாகியிருக்கும். பழுப்பு அவற்றைவிடச் சற்று நீளம். வெள்ளை மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்த உயரத்திலேயே நிற்கும், ஏனென்றால் வெள்ளைத் தாளில் வெள்ளைப் பென்சிலால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பக்கத்து இருக்கைப் பையனிடம் இருந்த 24 பென்சில் பெட்டியிலோ எல்லாமே ஒரே உயரத்தில் அணிவகுத்து நின்றன. அவன் படம் வரையாதவன் என்று எண்ணிவிடாதீர்கள். என்னைவிட நன்றாகவே வரைவான். அவனிடம் பச்சையில் நான்கும் நீலத்தில் மூன்றும் இருந்ததால் எந்த ஒரு பென்சிலும் தனியாகத் தேய வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் அவனிடம் கரும்பச்சையை இரவல் கேட்டேன். யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தான். ஒரு மரம் முழுவதையும் அதனாலேயே நிரப்பி, கூர் மழுங்கிய பென்சிலைச் சற்றே கூச்சத்துடன் திருப்பித் தந்தேன். அவன் அதை வாங்கிப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு வேறு ஏதோ பேசத் தொடங்கினான். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கவே இல்லை. நானாக இருந்தால் பார்த்திருப்பேன்; கொடுப்பதற்கு முன்பே ஒருமுறை பார்த்து வைத்திருப்பேன். அன்று என்னை வாயடைக்கச் செய்தது பென்சில்களின் எண்ணிக்கையைவிட, அவன் பார்க்காமல் மூடிய அந்தக் கைதான்.

நீங்கள் ஆடம்பரம் என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது பெரியவர்களின் சொல். சொல்லும்போதே அதில் ஒரு கண்டிப்பு ஏறிவிடுகிறது. சிறுவர்களாக இருந்தபோது அந்தப் பெண்ணின் குடும்பத்தைப் பற்றி நீங்கள் பேசியிருந்தால், அவர்கள் வசதியானவர்கள் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். வசதி என்பதற்கு நம் மொழியில் சௌகரியம் என்றும் பொருள், செல்வம் என்றும் பொருள். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். ஆனால் எனக்கு இதற்கு இன்னும் பொருத்தமாகத் தோன்றுவது தாராளம். எண்ணிப் பார்க்காமல் கொடுப்பதும் தாராளம், உடம்பைப் பிடிக்காமல் தளர்ந்து நிற்கும் சட்டையும் தாராளம். (வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாகவே உடை வாங்கப்பட்ட எங்களைப் போன்றோருக்கு வாழ்க்கையில் கிடைத்த தாராளம் பெரும்பாலும் சட்டையில் மட்டும்தான்.) எங்கெல்லாம் கணக்குப் பார்க்கத் தேவையில்லாத ஓர் இடைவெளி தெரிந்ததோ, அங்கெல்லாம் நாம் செல்வத்தைக் கண்டோம் என்பதே என் துணிபு. உங்கள் தோழி வீட்டுப் பட்டியலை மீண்டும் பாருங்கள். அடுப்பு பற்றவைக்காமல் வரும் வெந்நீர், எழுந்து போகாமல் மாறும் தொலைக்காட்சி, எல்லோரும் கீழே இருக்கும்போதும் மேலே சும்மா இருக்கும் ஒரு தளம். எனக்கு இவற்றோடு இன்னொன்றும் உண்டு: யாரும் இல்லாத அறையில் எரிந்துகொண்டிருக்கும் விளக்கு. அப்படி எரிந்த ஒரு வீட்டில், அணைக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, ஏன் என்ற பதில் கேள்விக்கு விடை தெரியாமல் நின்றிருக்கிறேன்.

ஆகவே வெள்ளை மனம் என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகளைப்போலக் கணக்கில் கெட்டிக்காரர்கள் கிடையாது. யார் வீட்டில் பாதியாக வெட்டிய ரப்பரைத் தருகிறார்கள், யார் வீட்டில் முழு ரப்பரைத் தருகிறார்கள், யாருடைய நோட்டுப் புத்தகத்தில் பழைய ஆண்டின் வெற்றுத் தாள்களைத் தைத்துச் சேர்த்திருக்கிறார்கள் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. நாம் வியந்தோம் என்பது உண்மைதான். அந்த வியப்புக்குள் பொறாமை இருந்ததும் உண்மை. அதைக் கழித்துவிட்டு நினைத்துப் பார்ப்பது வளர்ந்த பிறகு நமக்கு நாமே செய்துகொள்ளும் மரியாதை.

ரப்பர் வைத்த பென்சிலுக்கு ஒரு வழக்கு வரலாறே உண்டு. உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பென்சிலின் ஒரு முனையில் ரப்பரைப் பொருத்துவதற்கான காப்புரிமையை ஹைமன் லிப்மன் என்பவர் 1858 மார்ச் 30 அன்று அமெரிக்காவில் பெற்றார். அவருடைய வடிவில் நாம் அறிந்த உலோக வளையம் இல்லை. மரக்கட்டைக்குள்ளேயே ஒரு பக்கம் கரிக்குச்சியும் மறுபக்கம் ரப்பரும் இருக்கும், இரண்டு முனைகளையும் சீவிக்கொள்ள வேண்டும். அந்த உரிமையை விலைக்கு வாங்கிய ஜோசப் ரெக்கன்டார்ஃபர், ஃபேபர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 1875-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தது. பென்சில் எப்போதும்போல எழுதுகிறது, ரப்பர் எப்போதும்போல அழிக்கிறது; இரண்டையும் சேர்த்து வைத்ததால் புதிய வேலை எதுவும் நடக்கவில்லை என்பதே அதன் சாரம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த நீதிபதிகள் நம் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் வேறுவிதமாகத் தீர்ப்பெழுதியிருப்பார்கள். ரப்பருக்காகப் பக்கத்து இருக்கையை எட்டிப் பார்க்காமல், யாரிடமும் கை நீட்டாமல், தவறு செய்த அதே கையால் பென்சிலைத் தலைகீழாகத் திருப்பி அழித்துவிட முடியும் என்பது புதிய வேலை இல்லாமல் வேறு என்ன? அந்த ரப்பர் ஒரு வாரத்தில் கட்டிதட்டித் தாளைக் கிழிக்கத் தொடங்கிவிடும் என்பதும், அதன்பின் அந்த உலோக வளையம் பல்லால் கடிப்பதற்கு மட்டுமே உதவும் என்பதும் சொந்தமாக ஒன்று கிடைத்த பிறகே நமக்குத் தெரிந்தது.

பென்சிலின் நிறத்துக்கும் இதே கதை. 1889-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியையொட்டி ஹார்ட்மூத் நிறுவனம் தன் மிக உயர்ந்த ரகப் பென்சிலைக் கொண்டுவந்தது. அதற்குக் கோஹினூர் என்று வைரத்தின் பெயரைச் சூட்டி, வழவழப்பான மஞ்சள் வண்ணம் பூசியது. அது பெயர் பெற்றதும் மற்ற நிறுவனங்களும் தங்கள் பென்சில்களுக்கு மஞ்சளைப் பூசத் தொடங்கின. எல்லோரும் பூசிய பிறகு மஞ்சள் என்பது உயர்ந்த ரகத்தின் அடையாளமாக இல்லாமல் வெறும் பென்சிலின் நிறமாகிவிட்டது. அந்த வகையில் எங்கள் பெட்டிகளிலிருந்த சாதாரண மஞ்சள் பென்சில்கூட ஒரு காலத்துப் பகட்டின் மிச்சம்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மலிந்துவிட்டதால்தானா என்றால், ஓரளவுக்கு ஆம். அலுமினியத்தைப் பாருங்கள். 1855-இல் பாரிஸ் கண்காட்சியில் அதை அரும்பொருளாகக் காட்சிக்கு வைத்தார்கள். 1884-இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சிக்கு அந்த உலோகத்தில்தான் முனை வார்த்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1886-இல், அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூ என்பவரும் (இருவருமே 1863-இல் பிறந்த இளைஞர்கள்) மின்னாற்பகுப்பு முறையில் அதை மலிவாகப் பிரிக்கும் வழியைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். பிறகு அது பாத்திரமாகி, நசுங்கி, பழைய சாமான்களோடு போடப்படும் பொருளாயிற்று. மாடிக்கும் இதுபோல் ஒரு கதை உண்டு, எதிர்த்திசையில். மின்தூக்கி வருவதற்கு முன்னால் பாரிஸ் போன்ற நகரங்களின் அடுக்குக் கட்டடங்களில் மேலே ஏற ஏற வாடகை குறையும். உச்சியில் வேலைக்காரர்களும் ஏழைகளும் இருந்தார்கள். 1854-இல் எலிஷா ஓட்டிஸ் நியூயார்க்கில் கூட்டத்தின் நடுவே தூக்கியின் கயிற்றை அறுக்கச் செய்து, அது கீழே விழாமல் நிற்பதைக் காட்டினார். 1857-இல் ஒரு கடையில் முதல் பயணிகள் தூக்கி வந்தது, நீராவியால் இயங்குவது. மெல்ல மெல்ல உச்சித் தளம் செல்வர்களுடையதாயிற்று. உங்கள் தோழி வீட்டு மாடிப்படியை வேறொரு நூற்றாண்டின் சிறுமி பார்த்திருந்தால் பரிதாபப்பட்டிருக்கவும் கூடும்.

ஆனால் மலிவு மட்டும் காரணமாக இருந்தால், மலியாத பொருளும் ஏன் சலிக்கிறது? இதை உளவியலாளர்கள் பழகிப்போதல் என்று விளக்குகிறார்கள். பிலிப் பிரிக்மனும் சக ஆய்வாளர்களும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரைப் பரிசு பெறாத 22 பேரோடு ஒப்பிட்டார்கள். மகிழ்ச்சியின் அளவில் இரு குழுவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நண்பரோடு பேசுவது, பத்திரிகை படிப்பது போன்ற அன்றாடச் செயல்களில் வென்றவர்கள் பெற்ற இன்பமோ மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. 22 பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாது என்றாலும், நீங்கள் நன்றி மறந்தவர் என்று உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொள்வதை நிறுத்துவதற்கு இது போதும் என நினைக்கிறேன். எனினும் எனக்கு இந்த விளக்கத்தில் ஒரு குறை உண்டு. இன்பம் ஏன் தேய்கிறது என்பதை இது சொல்கிறது. எத்தனையோ பொருள்கள் இருக்க, ஒரு சிறுமியின் கண் ஏன் அந்த வெந்நீர்க் குழாயில் போய் நின்றது என்பதைச் சொல்வதில்லை. நாம் விரும்பியது கணக்குப் பார்க்காத நிலையை. நமக்குக் கிடைத்ததோ பொருள்கள். கணக்கு அப்படியே இருக்கிறது. பென்சிலின் நீளத்தை அளந்த கண் இப்போது மாதத் தவணையையும், உறங்கக் கிடைக்கும் மணி நேரத்தையும், மகளோடு பேசக் கிடைக்கும் நிமிடங்களையும் அளக்கிறது. மாடிப்படி வந்துவிட்டது, மேலே சும்மா இருக்க நேரம் வரவில்லை.

உங்கள் மகள் எதையும் கண்டு வியப்பதில்லை என்கிறீர்கள். அவளுடைய பட்டியல் உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கலாம். எங்கள் உறவில் ஒரு சிறுமி, தன் வகுப்புத் தோழியின் வீட்டுக்குப் போய்வந்து, அவர்கள் ரொம்ப வசதியானவர்கள் என்று அறிவித்தாள். அந்த வீடு எனக்கும் தெரியும். சிறியது, சாமான்கள் குறைவு, சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, “அவள் அம்மா எங்களோடு உட்கார்ந்திருந்தார், கையில் ஒன்றுமே இல்லாமல்,” என்றாள். கைப்பேசியும் இல்லை, மடிக்க வேண்டிய துணியும் இல்லை, கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை என்று நான் கேட்கக் கேட்கச் சேர்த்துக்கொண்டே போனாள். பெட்டியை மூடிய அந்தப் பையனின் கை எனக்கு நினைவுக்கு வந்தது. நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நீங்களும் உங்கள் மகளிடம், நீ எதற்கும் வியப்பதே இல்லை என்று சொல்லாமல், யார் வீடு வசதியான வீடு என்று மட்டும் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். பதில் உங்களுக்குச் சற்று வலிக்கவும் கூடும், ஆயத்தமாகவே கேளுங்கள்.

கடைசியாக அந்த 24 பென்சில்கள். அசட்டுத்தனம் ஒன்றும் இல்லை. சீவாமல் ஒரே உயரத்தில் வைத்திருப்பதற்காகத்தான் அவற்றை வாங்கினீர்கள் என்றால், அந்த வேலையை அவை ஒரு மாதமாகச் செம்மையாகவே செய்துகொண்டிருக்கின்றன. சீவத் தோன்றினால் மட்டும், வெள்ளையிலிருந்து தொடங்குங்கள். கறுப்புத் தாளில் அது நன்றாக எழுதும். மற்ற நிறங்களைத் தீட்டிவிட்டு அவற்றின் மேல் வெள்ளையை அழுத்தித் தேய்த்தால், கோடுகள் மறைந்து நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து மெழுகு பூசியதுபோல் வழவழப்பாகிவிடும். வானம் வரைவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. இதை நான் தெரிந்துகொண்டபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. நீலத்தையும் பச்சையையும் நகக்கண்ணில் பிடித்துக்கொண்டு மிச்சம் பார்த்து வரைந்த அந்த ஆண்டுகள் முழுவதும், எவ்வளவு தேய்த்தாலும் யாரும் கணக்குக் கேட்டிருக்க முடியாத ஒரு முழுப் பென்சில் என் பெட்டியிலும் இருந்திருக்கிறது. அது சீவப்படாமலே எங்கோ தொலைந்துபோயிற்று.

அன்புடன்.