தனியார் நிறுவனம் என்றால் நியாயம் கேட்க முடியாதா?

கேள்வி: என் தம்பிக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனான். காலைக் கண்டதும், "இப்படியான ஆக்களை நாங்கள் எடுக்கிறதில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அரச வேலை இல்லை, ஒன்றும் செய்யேலாது என்கிறார்கள். உண்மையா? (வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: உண்மையில்லை. அப்படிச் சொன்னவர்கள் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையை நினைத்திருப்பார்கள். இனம், மதம், மொழி, சாதி, பால் போன்றவற்றைப் பார்த்துப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது அது. ஆனால் அதை வைத்து உயர் நீதிமன்றம் போவது அரச நிர்வாகத்துக்கு எதிராக மட்டும்தான். இனமோ மதமோ பார்த்து ஆளைக் கழிக்கும் தனியார் முதலாளியைத் தடுக்கப் பொதுவான சட்டம் இன்னும் இல்லை. இது பெரிய அநியாயம்.

தம்பியின் விடயம் வேறு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, எந்தத் தொழிலுக்கு ஆள் சேர்த்தாலும் அங்கவீனத்தைக் காரணங்காட்டிப் பாரபட்சம் செய்யக்கூடாது என்கிறது. அரசு, தனியார் என்ற பிரிப்பு அதில் இல்லை. மீறினால் மேல் நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.

கஷ்டம் சான்றில்தான் இருக்கிறது. அறைக்குள் வாயால் சொன்னதை நாளைக்குச் "சொல்லவேயில்லை" என்பார்கள். இன்றைக்கே தம்பியை எழுதி வைக்கச் சொல்லுங்கள்: திகதி, நேரம், யார் யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை அப்படியே. விளம்பரம், அழைப்புக் கடிதம், வட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். பிறகு பதிவுத் தபாலில் ஒரு சிறு கடிதம் அனுப்பட்டும்: தகைமை இருந்தும் என்னை நிராகரித்த காரணத்தையும், அந்தப் பதவியின் கடமைகளையும் எழுத்தில் தாருங்கள். கோபமான ஒரு சொல்லும் அதில் வரக்கூடாது. மேசையில் இருந்து கணக்கெழுத இரண்டு காலும் எதற்கு என்று அவர்கள்தான் விளக்க வேண்டிவரும்.

தொழில் நியாயசபைக்கு அலைய வேண்டாம். அது வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கானது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லையென்றால் மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள்.

தம்பி அரச வேலைகளுக்கும் விண்ணப்பிக்கட்டும். 1988ஆம் ஆண்டின் சுற்றறிக்கை ஒன்று அரச வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அங்கே இப்படி நடந்தால் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.